நசீமாவின் மாத்திரைகளும் என் குடலும்

நசீமாவும் நானும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். அவள் இல்லை, நான் இருக்கிறேன். இதை எழுதி முடித்தால் அவள் என் தலைக்குள்ளிருந்து கொஞ்சம் இறங்கிக்கொள்வாள் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆவடியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், யார் வந்து தலைமேல் நின்றாலும் சென்ட்ரல் வரைக்கும் நகராதவள் அவள்.

ஆனாலும் எழுதுகிறேன். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒன்றுக்குப் பின்னால் உடம்புக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்பதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருப்பது அண்ணனூரில். என் கணவர் மூர்த்தி மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர், பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர். எனக்குப் பாரிமுனைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. நசீமா ஆவடிக்காரி. பூக்கடை அருகே வளையல் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதினாள். அவள் கணவர் கரீம் பாய்க்குப் பூந்தமல்லியில் தையல் கடை. ஒரே மகள் ரிஸ்வானா, கல்லூரியில் படிக்கிறாள். ஆவடியில் ஏறும் நசீமா, அடுத்த நிறுத்தத்தில் ஏறும் எனக்காகத் தன் கைப்பையைப் பக்கத்து இருக்கையில் போட்டு வைப்பாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பைதான் எனக்கு இடம் பிடித்தது.

அந்தப் பையில் எப்போதும் இரண்டு மாத்திரை அட்டைகள் இருக்கும். ஒன்று நெஞ்செரிச்சலுக்கு, நாங்கள் 'கேஸ் மாத்திரை' என்று சொல்வது. விடியுமுன் எழுந்து சமைத்து, வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு ஓடிவரும் பெண்கள்தான் எங்கள் பெட்டி முழுக்க. எல்லோருக்கும் எரிச்சல், எல்லோருக்கும் ஏப்பம். காலையில் பூவும் பொட்டும் கை மாறுவதைப் போல அந்த அட்டையும் கை மாறும். டாக்டர் எழுதிக் கொடுத்ததா, எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் நசீமாவும் வருஷக்கணக்காக அதைத் தினமும் விழுங்கினோம்.

இரண்டாவது அட்டை, பேதியை நிறுத்தும் மாத்திரை. இது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. வில்லிவாக்கத்துக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் கொஞ்சம் கலக்கினாலும் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டே ஏறுவோம். வீட்டில் இதைப் பற்றி ஒரு தடவை புலம்பியபோது என் கணவர், "ரயிலை ரிப்பேர் பண்றதுதான் என் வேலை, டிசைன் பண்றதா என் வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மார்ச் மாதம் எங்கள் பெட்டியில் ஒரு வளைகாப்பு நடந்தது. பட்டாபிராமிலிருந்து வரும் கீர்த்தனா என்ற பெண்ணுக்கு. கணினி நிறுவனத்தில் வேலை, அம்மா வீடு தூரத்தில், அதனால் நாங்களே செய்துவிடலாம் என்று நசீமா ஆரம்பித்தாள். வளையல் அவள் பொறுப்பு. கலந்த சாதங்கள் ஆளுக்கொன்று. எல்லாம் காலையில் வடித்துக் கிளறிக் கொண்டுவந்தது. பகல் முழுக்க அவரவர் ஆபீஸில், மேஜைக்கு அடியில், மார்ச் வெயிலில் வெந்துகொண்டு கிடந்தது. சாயங்கால வண்டி பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் டப்பாக்களைத் திறந்தோம். தட்டுகள் போதவில்லை. நானும் நசீமாவும் ஒரு டப்பா மூடியில் தேங்காய்ச் சாதத்தையும் தயிர்ச் சாதத்தையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். கீர்த்தனாவின் கை நிறைய வளையல். அவ்வளவு சந்தோஷமான பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

சாப்பிட்ட பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு ஒரு நாள் வயிற்றுவலி. கீர்த்தனாவுக்கு அதுகூட இல்லை, பிறகு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. எனக்கும் நசீமாவுக்கும் மறுநாளே காய்ச்சலும் முறுக்கி முறுக்கி வலியும் வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் ரத்தமும் கலந்து போனது. காலையில் நசீமா போன் செய்தாள்.

"சுமதி, உனக்கும் அப்டித்தான் இருக்குதா?"

"ஆமாண்டி. ரத்தம் மாதிரி போகுது. பயமா இருக்கு."

"மார்ச் மாசம்டி. முதலாளி லீவு குடுக்க மாட்டான். மாத்திரை வச்சிருக்கேன், நீ வண்டிக்கு வா."

எங்கள் அலுவலகத்திலும் கணக்கு முடிக்கும் நேரம். போனேன். அவள் கொடுத்தாள், போட்டுக்கொண்டேன். அவளும் போட்டுக்கொண்டாள். மறுநாளும் அதே. பேதி நின்றுவிட்டது. "பாத்தியா, நம்ம வைத்தியம்" என்று அவள் சிரித்தாள். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. நான் அவளை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த நாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு உப்பி, தொட்டாலே உயிர் போயிற்று. புடவைக் கொசுவத்தைச் செருக முடியவில்லை. மூர்த்தி என்னை ஆட்டோவில் ஏற்றி, அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

காத்திருக்கும் இடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். எதிரே ஒரு டிவியில் சத்தமில்லாமல் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். நான் அவர் தோளில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் பொன்னிறமாக வதங்கியது. ரத்தம் எடுத்தார்கள், மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் நோய் மருத்துவர் வந்தார். பெயர் டாக்டர் வித்யா. சின்ன வயது, கண்டிப்பான முகம். என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை ஒவ்வோர் இடமாக வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"சத்தமே இல்லையே" என்றார்.

"எந்தச் சத்தம் டாக்டர்?"

"குடல் ஓடற சத்தம். எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கு நின்னுபோச்சு."

அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை. எனக்குள்ளேயே ஓர் இடம் ஊமையாகிக் கிடக்கிறது, நான் தெரியாமல் இரண்டு நாளாக ஆபீஸில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் போட்டிருக்கிறேன்.

பெருங்குடலில் கடுமையான கிருமித் தொற்று என்றார். வீக்கத்தில் குடலின் தசை செயலிழந்து, பலூன் போல விரிந்துகொண்டே போகிறது. இன்னும் விரிந்தால் கிழியும். கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டும். "மருந்துக்குக் கேக்குதான்னு கொஞ்சம் பார்ப்போம். கேக்கலைன்னா பெருங்குடலை எடுத்துட்டு, வயித்துல வழி வச்சுப் பை மாட்டணும். நான் உங்களைப் பயமுறுத்தலை, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். பயமுறுத்தாமல் இதைச் சொல்ல வேறு எப்படித்தான் முடியும்? சம்மதத் தாளில் மூர்த்தி கையெழுத்துப் போட்ட பேனாவை அவர்களிடம் திருப்பிக் கொடுக்க மறந்து சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் விட்டார்கள். வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கையில் சொட்டு மருந்து. பேசினால் தொண்டையில் குழாய் உரசும். அதனால் செல்போனில் தட்டெழுத்துதான்.

"நசீமா எப்படி இருக்கா?" என்று எழுதி அவரிடம் காட்டினேன்.

"அவங்களும் அட்மிட்டுதான். பூந்தமல்லில ஒரு ஆஸ்பத்திரில. உன்னை மாதிரியே மூக்குல குழா போட்டுகிறாங்க. நல்லாத்தான் கீறாங்க" என்றார். சொல்லிவிட்டு என் போர்வையைக் காலடியில் இழுத்து இழுத்துச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அது.

நான் படுக்கையில் விழுந்த மறுநாளே நசீமா போய்விட்டாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். சிறுநீரகம் நின்று, பிறகு இதயமும் நின்றது. அவளுக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. மூர்த்தி போய், மண் போட்டுவிட்டு வந்து, குளித்து, அதே சட்டையைத் துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்க உன்னை விசாரிச்சாங்க" என்றிருக்கிறார்.

நம் வீடுகளில் இது வழக்கம். படுத்திருப்பவரிடம் சாவுச் செய்தி சொல்வதில்லை. சொன்னால் மனம் விட்டுப்போகும், உடம்பு போராடாது என்று எல்லோருக்கும் ஒரு பயம். மூர்த்தி அந்தப் பயத்தில் கரீம் பாயிடம் போய், நசீமாவின் போனை அணைக்க வேண்டாம், நான் ஏதாவது அனுப்பினால் ஒரு வார்த்தை பதில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மனைவியைப் புதைத்த வீட்டில் போய் எப்படிக் கேட்டார் என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. அவர்களும் சரி என்றிருக்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பாட்டுக்கு நசீமாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். 'மூக்குக் குழாய் அரிக்குதுடி.' 'எனக்கும்' என்று பதில் வரும். 'உன் டாக்டர் ஆம்பளையா பொம்பளையா?' 'ஆம்பளை.' 'பை வைக்கணும்னு சொல்றாங்க, பயமா இருக்கு.' இதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டும், நிற்கும், மறுபடி காட்டும். 'ஒண்ணும் ஆகாது. நான் துஆ செய்றேன்.' வேண்டிக்கொள்வதை அவள் அப்படித்தான் சொல்வாள். நான் அந்தத் திரையை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்கினேன். இறந்தவளின் பெயர் பச்சைப் புள்ளியோடு என் நெஞ்சின் மேல் கிடந்திருக்கிறது.

டாக்டர் வித்யா தினமும் காலையில் வருவார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், வயிற்றைத் தட்டுவார், கேள்வி கேட்பார். என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று கேட்டதும் இரண்டு அட்டைகளையும் பற்றி எழுதிக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கிருமிக்கு எதிரா நம்ம வயித்துல முதல்ல நிக்கறது ஆசிட். சாப்பாட்டோட வர்றதுல பெரும்பாலானதை அதுவே கொன்னுடும். அது எரியுதேன்னு நீங்க அதை வருஷக்கணக்கா அணைச்சு வச்சிருந்தீங்க. கிருமி நேரா உள்ள வந்துடுச்சு."

பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். குடலின் உள்சுவர் மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கிறது. கிருமி சுவரைத் தொடாமல் வழுக்கிப் போவதற்கு. சிறுகுடலின் மடிப்புகளுக்குள் உட்கார்ந்துகொண்டு சில செல்கள் கிருமியைக் கொல்லும் பொருளைத் தாங்களே சுரக்கின்றன. ஊசி மருந்தெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே உடம்பு வைத்திருந்த கைமருந்து. நமக்கு நல்லது செய்யும் கிருமிகளும் கோடிக்கணக்கில் அங்கே குடியிருக்கின்றன. அவை இடம் கொடுக்காமல் அடைத்துக்கொண்டிருப்பதே ஒரு காவல்தான். இத்தனையையும் தாண்டி ஒரு கிருமி சுவரின் செல்லுக்குள் புகுந்துவிட்டால், அந்தச் செல் தெரிந்துகொள்ளும். அக்கம்பக்கத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, தன்னைத்தானே சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் கிருமியோடு சேர்ந்து வெளியே விழுந்து செத்துப்போகும்.

"யார் சொல்லி?" என்று எழுதிக் காட்டினேன்.

"யாரும் சொல்ல வேண்டாம். பிறக்கும்போதே கூட வர்ற எதிர்ப்பு சக்தி இது. தடுப்பூசியால கத்துக்கற எதிர்ப்பு வேற. அது புதுக் கிருமியை அடையாளம் கண்டு தயாராகறதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கறது இதுதான்."

செய்தி கிடைத்ததும் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. கிருமியை விழுங்குகின்றன. விழுங்கிய கையோடு அவையும் சாகின்றன. எனக்குச் சளி மாதிரி, சீழ் மாதிரி போனதே, அதில் பாதி அவற்றின் பிணங்கள்தான் என்றார். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டது அவற்றைத்தான். சண்டையில் அவை வீசுவது கிருமி மேல் மட்டும் விழுவதில்லை, குடல் சுவரும் சேர்ந்து புண்ணாகிறது. வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான்.

"கடைசியா பேதி. அது நோய்னு நினைக்கறீங்க. குடல் தன்னைத்தானே கழுவி கிருமியை வெளியே தள்ற வேலை அது. தண்ணியும் உப்பும் குடிச்சுட்டே அதைப் போகவிட்டிருக்கணும். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது நிறுத்தற மாத்திரை போடவே கூடாது. நீங்க கதவைச் சாத்தி கிருமியை உள்ளயே வச்சுப் பூட்டிட்டீங்க."

முன்வாசலையும் திறந்து வைத்து, பின்வாசலையும் பூட்டியிருக்கிறோம். இரண்டு சாவியும் நசீமாவின் பையில். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைத் திட்டுவது எனக்குப் பழக்கம்தான், அவளுக்குத் திட்டு வாங்குவது அதைவிடப் பழக்கம். டாக்டர் போனதும் போனை எடுத்தேன்.

'அடியே, உன் ரெண்டு மாத்திரையும் சேர்ந்துதான் என்னைக் கவுத்திருக்கு. டாக்டரே சொல்லிட்டாங்க. வெளிய வந்து உன்னை வச்சுக்கறேன்.'

எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. சொட்டு மருந்துப் பாட்டிலில் பாதி இறங்கும் வரைக்கும் அப்படியே விட்டு விட்டுக் காட்டியது. பிறகு வந்தது: 'மன்னிச்சிடு. எனக்குத் தெரியாமப் போச்சு. என்னை மன்னிச்சிடு.'

நசீமா என்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. நோய் அவளை இவ்வளவு சாதுவாக்கிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ பதில் போட்டேன். மூர்த்தியிடமும் காட்டினேன். அவர் படித்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது டீ குடித்த வாடையே இல்லை.

அடுத்த எக்ஸ்ரேயில் குடல் இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது. அறுவை சிகிச்சை மருத்துவரும் வந்து என் வயிற்றில் பேனாவால் ஓர் இடத்தைக் குறித்துவிட்டுப் போனார். பை மாட்டுகிற இடம். அந்த நீல வட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மூர்த்தி என் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். கிரீஸ் கறை போகாத கை. திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டது அப்போதுதான். வெட்கமாக இருந்தாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே யாரும் சொல்லாமலே சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான உயிர்களை நினைத்துக்கொண்டேன். விட்டுவிடாதீர்கள் என்று அவற்றிடம் கேட்டேன். கேட்க வேறு ஆள் இல்லை.

மறுநாள் காலையில் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. எலி ஓடுவது போல ஒரு சின்னச் சத்தம். நான் மூர்த்தியின் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஓடுது. காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுது" என்று நான் எழுதுவதற்குள் மூர்த்தி முந்திக்கொண்டார். "நல்லா சத்தமாவே பிரிஞ்சுது மேடம்." அறையில் இருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்டு இல்லை, பை இல்லை, மருந்துக்குக் கேட்டுவிட்டது. நான் உடனே நசீமாவுக்கு எழுதினேன்: 'காத்து பிரிஞ்சுதுடி! நான் பொழச்சேன்.' உடனே பதில் வந்தது: 'அல்ஹம்துலில்லாஹ். ரொம்ப சந்தோஷம்.'

குழாயை எடுத்தார்கள். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. பேச முடிந்ததும் நசீமாவுக்குப் போன் போட்டேன். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. 'தொண்டை சரியில்லை, அப்புறம் பேசறேன்' என்று செய்தி வந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூர்த்தி பில்லைக் கட்டிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். காப்பீடு போக மீதிக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுமதி, ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நசீமாம்மா இல்ல."

"எங்க போயிட்டா?" என்றேன்.

அவர் அழ ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எப்போது என்று கேட்டேன். சொன்னார். போனை எடுத்து ஒவ்வொரு செய்தியாக மேலே தள்ளிக்கொண்டே போனேன். மூக்குக் குழாய் அரிக்குது, எனக்கும். ஒண்ணும் ஆகாது. மன்னிச்சிடு. எல்லாம் அவள் மண்ணுக்குள் போன பிறகு வந்தவை.

அதற்குப் பிறகு பயம் வேறு மாதிரி வந்தது. வயிற்றில் கடமுடவென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் நிம்மதியாகவும் இருக்கும், திருட்டுத்தனமாகவும் இருக்கும். அதே சாதம், அதே மாத்திரை, என் குடல் மட்டும் ஏன் மறுபடி ஓடியது? பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன்.

"நான் பார்க்காத நோயாளியைப் பத்திச் சொல்லக் கூடாதும்மா. சர்க்கரை அதிகமா இருந்தா வெள்ளை அணுக்கள் மந்தமாயிடும்னு பொதுவாச் சொல்லலாம். ஆனா எது அவங்களைக் கொண்டுபோச்சுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். கேஸ் மாத்திரையைத் தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் சொன்ன காலம் வரை சாப்பிடலாம், தப்பில்லை, நீங்களாகவே வருஷக்கணக்கில் சாப்பிடுவதுதான் தப்பு என்றும் சொன்னார். ரயிலில் வரும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள். நசீமா உட்காரும் ஜன்னலோரத்தில் யாரும் உட்காருவதில்லை. கூட்ட நேரத்திலும் அந்த இடம் காலியாக வருகிறது, நான் எதிரே நின்றுகொண்டு போகிறேன்.

நசீமாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகு ஆவடியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்னால் போகத் தைரியம் வரவில்லை. ஹாலில் தையல் மெஷின் இருந்தது. கரீம் பாய் கடையை மூடிவிட்டு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினுக்குப் போய்விட்டார். ரிஸ்வானா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நசீமாவின் நெற்றி.

"ஆன்ட்டி, அம்மா குடுத்த மாத்திரையாலதானா உங்களுக்கு அப்டி ஆச்சு? அம்மாவுக்கும்?"

நான் டாக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஆசிட், படலம், தன்னைப் பிடுங்கிக்கொண்டு விழும் செல், எல்லாம். கெட்டுப்போன சாப்பாடு, கழிவறை இல்லாத ரயில், மார்ச் மாதம், சர்க்கரை, மாத்திரை என்று எத்தனையோ சேர்ந்தது, ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்ல முடியாது என்றேன். "உங்கம்மா எனக்கு விஷம் குடுக்கலம்மா. அவளுக்குத் தெரிஞ்ச நல்லதைக் குடுத்தா. கடைசி வரைக்கும் அவ உடம்பு சண்டை போட்டிருக்கும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பினாளா தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "நான் தெரியாம அந்த மெசேஜை அனுப்பிட்டேன். அம்மா போன துக்கத்துல நீ அதைப் படிச்சு, அம்மாவுக்காக எங்கிட்ட மன்னிப்பு கேட்டியே. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

ரிஸ்வானா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மத்ததெல்லாம் நான் போட்டேன் ஆன்ட்டி. அது நான் இல்ல."

தையல் மெஷின் நின்றது.

"அது நான்மா" என்றார் கரீம் பாய். துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைசியா வேலைக்குப் போன அன்னிக்கு காலைல, 'முடியலங்க, லீவு போட்டுடவா'ன்னு கேட்டா. 'மாத்திரை போட்டுகினு போயேன், சாயங்காலம் பாத்துக்கலாம்'னு நான்தான் அனுப்பி வச்சேன். சாயங்காலம் அவளுக்கு நெனவு இல்ல. அவகிட்ட ஒண்ணும் கேக்க முடியல. நீங்க மெசேஜ் போட்டப்ப அவ போன் என் கையில இருந்துச்சு. எழுதிட்டேன். உங்ககிட்ட கேக்கலம்மா, அவகிட்டதான் கேட்டேன்."

அவர் துணியை மடித்து வைத்தார்.

"அதுக்கு நீங்க ஒண்ணு திருப்பி எழுதினீங்களே. 'போடி லூசு, நமக்குள்ள இன்னாடி மன்னிப்பு, ஒழுங்கா தூங்கு'ன்னு. அவ பேசற மாதிரியே இருந்துச்சும்மா. அதைப் படிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."